முழங்காலும் மோட்டச் சைக்கிளும்

கொக்குவில்,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள பிள்ளை,

நீ போனிலை சொன்னதுக்கு அண்டைக்கு நான் வாய் திறக்கேல்லை. அம்மா பக்கத்திலை நிண்டவ. "உந்தப் பழைய இரும்பை வித்துப்போட்டு முழங்காலைப் பாருங்கோ அப்பா" எண்டாய். கொழும்பிலையிருந்து ஒருத்தர் விலை கேட்டு வந்தவர் எண்டு அவதான் உனக்குச் சொல்லியிருப்பா. வந்தவர்தான். கொட்டிலுக்கை நிண்ட நாலு மோட்டச் சைக்கிளையும் சுத்திச் சுத்திப் படம் எடுத்தார்.

ஜாவாவைக் குடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். கெட்டிக்காரத்தனமான வண்டி, இல்லையெண்டு சொல்லேல்லை. உதைக்கிற லீவரும் கியர் லீவரும் அதிலை ஒண்டுதான். உதைச்சுப்போட்டு மடக்கி விட்டால் அதுவே கியர். உன்ரை சின்ன மாமா மடக்க மறந்து, கியர் எங்கை எண்டு காலாலை தடவிக்கொண்டு ஒழுங்கை முழுக்கச் சிரிக்க நிண்டவர். ஜப்பான் தபால்காரருக்கெண்டு செய்த சிவப்பு ஹொண்டா எம்டி 90 என்ரை சந்தை வண்டி, அது கணக்கிலை இல்லை.

பன்ரம் அப்பப்பாவின்ரை. அதைக் குடுக்கச் சொல்லி நீயும் கேக்கமாட்டாய். 1957 இலை சிங்கள ஸ்ரீ எழுத்து நம்பர் வந்து இஞ்சை எதிர்ப்புக் கிளம்பினபோது, அதுக்கு முந்தியே பதிஞ்ச இங்கிலீசு எழுத்து வண்டியிலை அவர் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போய் வந்தவர். பூர்வீகம் பாத்தால் அது ஜேர்மன்காரன்ரை வண்டி. டிகேடபிள்யூ ஆர்டி 125 இன்ரை வரைபடத்தை யுத்த நட்டஈடாய் எடுத்து, கண்ணாடியிலை பாத்த மாதிரி இடம் வலம் மாத்தி 1948 இலை இங்கிலாந்தின்ரை பி.எஸ்.ஏ. கொம்பனி இறக்கினது. அதே வரைபடத்திலை ரஷ்யாக்காரனும் செய்தவன், அமெரிக்காவிலை ஹார்லியும் செய்தது.

எம் 20 தான் பிரச்சினை. விலை கேட்டு வந்தவருக்கும் அதிலைதான் கண்.

இரண்டாம் உலக யுத்தத்திலை வெள்ளைக்காரப் பட்டாளம் ஓடின 500 சிசி பி.எஸ்.ஏ. வண்டி அது. 1990க்குப் பிறகு பெற்றோல் இல்லாமல் ஊரே மண்ணெண்ணெயிலை ஓடினது உனக்குக் கதையாத் தெரியும். ஆனால் எல்லா என்ஜினும் அதைத் தாங்காது. எம் 20 இன்ரை வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலை நிக்கும், அமுக்கமும் அஞ்சுக்கு ஒண்டு அளவுதான். அதாலை மண்ணெண்ணெய் குடுத்தாலும் முட்டாமல் இழுக்கும். பற்றறியும் தேவையில்லை, மக்னீற்றோவே நெருப்புக் குடுக்கும். என்ன, குளிர்ந்த என்ஜின் மண்ணெண்ணெயிலை ஸ்ராட் ஆகாது. சேலைன் குழாயாலை கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ளை விட்டு, உதைச்சு, சூடேறினாப் பிறகுதான் மண்ணெண்ணெயைத் திறக்கிறது. அந்தப் பெற்றோலை நான் வைச்சிருந்தது உன்ரை கிறைப் வோட்டர் போத்தலிலை. அம்மா அதுக்குத் துவங்கின ஏச்சு இன்னும் முடியேல்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு ஊரோடை இடம்பெயர்ந்து வெளிக்கிடேக்கை அதைக் கொண்டுபோக ஏலேல்லை. நாவற்குழிப் பாலத்தாலை அந்தச் சனத்துக்குள்ளை அந்தப் பாரத்தை உருட்டேலுமே? பன்ரத்திலை அரிசி மூட்டையைக் கட்டி உருட்டினன். ஆரும் ஓடிக்கொண்டு போகாதபடிக்கு எம் 20 இன்ரை மக்னீற்றோவை மட்டும் கழட்டி, உன்ரை துணியளுக்கை சுத்தி எடுத்தன். உனக்கு அப்ப எட்டு மாசம். அடுத்த வருசம் திரும்பி வந்து பாத்தால் சீற்றிலை ஆற்றையோ கோழி அடை கிடக்குது.

எம் 20 ஐ முந்தி வைச்சிருந்தவர் பெற்றோல் தாங்கியிலை கொம்பனிச் சின்னத்தை ஒட்டியிருந்தவர். பி.எஸ்.ஏ. எண்டால் பேர்மிங்ஹாம் ஸ்மோல் ஆர்ம்ஸ், துவக்குச் செய்த கொம்பனி. சின்னம் மூண்டு துவக்கு, நுனி சேரச் சாத்தி வைச்சபடி. அதோடை ஆமிச் சென்றியைத் தாண்டிப் போகேலுமே? கேற்றுக்கு அடிச்ச மிச்ச நீலப் பெயின்ரை அதுக்கு மேலை அப்பிவிட்டன். இண்டைக்கும் அப்பிடியே கிடக்குது. கொழும்பிலையிருந்து வந்தவர் முதல் வேலையா அந்த நீலத்தைத்தான் நகத்தாலை சுரண்டினார். "இதை எடுத்திட்டு அசல் ஆமிப் பச்சை அடிச்சால் நல்ல விலை போகும்" எண்டார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னன். வேறை கதை கதைக்கேல்லை.

எம் 20 செய்த ஸ்மோல் ஹீத் உன்ரை பேர்மிங்ஹாமுக்குள்ளைதானே. அந்தப் பக்கம் போனால், பழைய வண்டிச் சாமான் விக்கிற ஆக்களிட்டை லூக்காஸ் மக்னீற்றோவுக்கு, பொறி விழத் திறந்து மூடுற பொயின்ற் ஒரு சோடி விசாரி. இஞ்சை கிடக்கிறது ராவி ராவித் தேய்ஞ்சு போச்சு. பாரமில்லை, கடித உறைக்கை அடங்கும்.

முழங்காலுக்கு ஜாவாக் காசு காணும் எண்டு அம்மா கணக்குப் பாத்திட்டா. தை மாசம் செய்வம். எம் 20 ஐ உதைக்கிறதுக்கு வலது கால்தான் வேணும்.

அன்புடன்,
அப்பா