ஆனர்ஸ் ஆண்டு வீணானதன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

மூன்றாண்டு இளநிலைப் பட்டம் பெற்ற பிறகு, ஆனர்ஸ் என்ற பெயரில் மேலும் ஓர் ஆண்டைச் செலவிடுவது வீண் என்று பலர் கருதுகிறார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் வழங்கிவரும் இந்த ஆண்டின் உள்ளடக்கத்தை அறிந்தால் அவ்வாறு சொல்லத் தோன்றாது.

மேல்நிலைப் பாடங்களும் ஆய்வுமுறை வகுப்புகளும் உண்டு என்றாலும், அதன் உயிர்நாடி ஆய்வேடுதான். அதுவரை ஆசிரியர் கொடுத்த கேள்விக்கு விடை எழுதிப் பழகிய மாணவர், இப்போது கேள்வியையே தாமாக வகுக்க வேண்டும். “இது ஓராண்டில் முடிகிற காரியமில்லை” என்று மேற்பார்வையாளர் திருப்பித் தரும் முன்மொழிவை மீண்டும் மீண்டும் சுருக்கி எழுத வேண்டும். மாதக்கணக்கில் திரட்டிய தரவுகள் எதிர்பார்த்த முடிவைத் தராதபோது, அதை மறைக்காமல் காரணத்தை ஆராய்ந்து எழுதும் நேர்மையை எந்தத் தேர்வுக்கூடமும் கற்றுத் தருவதில்லை.

ஆஸ்திரேலியாவில் முதல் வகுப்பு ஆனர்ஸ் பெற்றவர்கள், முதுநிலைப் பட்டம் இல்லாமலேயே முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். ஆய்வு உதவித்தொகைக்கான போட்டியிலும் அந்த வகுப்பு பெரிதும் கைகொடுக்கிறது. ஆய்வு தமக்கு ஒத்துவராது என்று ஓராண்டிலேயே தெரிந்துகொள்வதும் நன்மைதான். முனைவர் படிப்பின் நடுவில் அதை உணர்வது பெருந்துயரம்.

கட்டணமும் தள்ளிப்போகும் சம்பளமும் உண்மையான சுமைகள் என்பதை மறுக்கவில்லை. ஆகவே, மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே மாணவர்கள் மேற்பார்வையாளர்களைச் சந்தித்துப் பேசி முடிவெடுக்கப் பல்கலைக்கழகத் துறைகள் ஏற்பாடு செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்