உன் பங்கில் நிற்கும் மங்குஸ்தானுக்காக, அக்காவுக்கு

அக்கா,

பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி இன்றோடு எட்டு நாள். மங்குஸ்தான் நிற்கிற கீழ்ப்பக்கம் உனக்கு. கையெழுத்துப் போடும்போதே முடிவு பண்ணிவிட்டேன், அந்த மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி உன்னிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று. போனில் பேசினால் பேச்சு வேறு எங்கோ போய் முடியும். பொதுவில் எழுதுவதால் எல்லையைப் பற்றியோ, யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பற்றியோ எழுதப் போவதில்லை. சித்தப்பா வீட்டிலும் இதைப் படிப்பார்கள்.

விதை எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது.

2023 ஆனியில் நீ வந்திருந்தாய். சுளகில் பன்னிரண்டு பழம். படிப்புரையில் உட்கார்ந்து முதல் பழத்தை நீதான் பிளந்தாய். பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டிய சுளை, வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியாக இருந்தது. சுளைக்கும் தோட்டுக்கும் நடுவே மஞ்சள் பசை. பாப்பா ஒரு சுளையை வாயில் போட்டுக் கசக்குது என்று துப்பினாள். பன்னிரண்டில் ஒன்பது அப்படி. "மரம் கெட்டுப்போச்சுடா. வெட்டிட்டு ஒரு ஒட்டுப்பலா வை" என்றாய். நான் பதில் சொல்லாமல் சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மரம் கெடவில்லை அக்கா. பங்குனி பாதியிலிருந்து வைகாசி வரை, ஏறக்குறைய ஐம்பது நாள், கீழ்ப்பக்கத்துக்குத் தண்ணீர் விடுகிற வால்வை நான் திறக்கவில்லை. காய் கோலிக்குண்டு அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்குப் பெருக்கிற காலம் அது. வைகாசி கடைசியில் மழை பிடித்ததும், காய்ந்து கிடந்த மரம் ஒரேயடியாகத் தண்ணீரை இழுத்தது. உள்ளே சுளை நீர் கோத்துக்கொண்டது. வேகமாகப் பெருக்கும்போது தோட்டுக்குள் ஓடுகிற பால்குழாய்கள் வெடித்து, மஞ்சள் பால் சுளையில் வடிந்தது. பாப்பாவின் நாக்கில் பட்டது அதுதான். மண்ணில் சுண்ணாம்புச்சத்து குறைந்தால் அந்தக் குழாய்களின் சுவர் இன்னும் சுலபமாக உடையும். நம்ம விளைநிலம் செம்மண், அமிலத்தன்மையுள்ள புளிப்பு மண், அதில் சுண்ணாம்புச்சத்து எப்போதும் குறைவு.

ஏன் திறக்கவில்லை என்று நீ கேட்பாய். அந்த மாசி மாதம் போனில் நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும், இங்கே எழுத மாட்டேன். மோட்டார் பில் முழுக்க நான் கட்டினேன் என்பது உண்மை, அந்த வருஷம் கிணற்றில் தண்ணீர் இறங்கியதும் உண்மை. ஆனால் வாழைக்குப் போதுமான தண்ணீர் இருந்தது, மங்குஸ்தானுக்கும் இருந்திருக்கும். உன் மேல் இருந்த கோபத்தை மரத்தின் மேல் காட்டினேன். மன்னித்துக்கொள்.

ஒன்று குழப்பிவிடக் கூடாது. இந்த மரத்துக்குத் தாகம் வேண்டிய காலமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகு மார்கழியில் மூன்று, நாலு வாரம் காயப்போட்டால்தான் பூ எடுக்கும். அப்போது தண்ணீரும் வேண்டாம், யூரியாவும் வேண்டாம். கொடுத்தால் தளிர்தான் வரும். நுனிக்கிளையில் தடித்த பச்சை மொட்டு தெரிந்த நாளிலிருந்து தண்ணீர் தவறக் கூடாது: வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 20 லிட்டர் வாளியால் எட்டு வாளி அளவு, அடிமரத்தில் ஊற்றாமல் கிளை நிழல் விழுகிற வட்டத்தில். பூத்து நாலு மாதத்துக்குள் பழம். நடுவில் கோடைமழை பெய்தால் ஒரு தடவை விட்டுவிடலாம், நிறுத்திவிடக் கூடாது.

ஐப்பசி மழைக்கு முன்னால் டோலமைட் (சுண்ணாம்புச்சத்துள்ள கல்பொடி) 2 கிலோ வட்டத்தில் தூவி லேசாகக் கிளறு. பழம் முடிந்ததும் ஆவணியில் மக்கின தொழுவுரம் 40 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு 2 கிலோ. அடியில் சருகையும் தேங்காய் மட்டைக் கதம்பையையும் அரையடி உயரத்துக்குப் போட்டு வை. தண்டை ஒட்டிப் போடாதே, அழுகும். முசுறு எறும்பு கூடு கட்டினால் கலைக்காதே. பழம் பறிக்கும்போது கடிக்கும், ஆனால் தளிர் தின்கிற புழுவை அதுதான் பிடித்துத் தின்கிறது.

இத்தனையும் எனக்குத் தெரிந்தது, பதினெட்டு வருஷம் அதன் அடியில் நின்றதால். நீ வருஷத்துக்குப் பத்து நாள் வந்து, பழம் தின்று, படம் எடுத்துப் போட்டுவிட்டுப் போவாய். "எங்க வீட்டு மங்குஸ்தான்" என்று எழுதுவாய். அதைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரியும். இந்த மரம் உன் பக்கம் விழுந்தபோது ஊரே என்னைப் பார்த்தது.

ஆனால் முதல் நாலு வருஷம் அதற்கு ஓலை கட்டியது நீ. கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட மேற்குப் பக்கத்து ஓலை சாய்ந்திருக்கிறது என்று மருதாணிக் கையோடு போய் நிமிர்த்தினாய். மங்குஸ்தான் கன்று நேர் வெயிலில் நின்றால் இலை வெளுத்துக் கருகி, ஒரே கோடையில் போய்விடும். பாதி வெயில், பாதி நிழல் கிடைத்ததால்தான் அது நிலைத்தது. முதல் இரண்டு வருஷத்தில் ஒரு அடிகூட வளரவில்லை என்று எல்லோரும் சிரித்தபோது, கீழே வேர் போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னதும் நீதான். அது சரிதான். இந்த வேருக்கு வேர்த்தூவி கிடையாது, பக்கவேரும் கொஞ்சம்தான்.

அதனால்தான் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ சுவர் கட்டப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். கட்டு, உன் இடம். ஆனால் மரத்திலிருந்து பத்தடிக்குள் வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்ட விடாதே. வேர் அறுபட்டால் இந்த மரம் சீக்கிரம் தேறாது. முதலில் நுனிக்கிளை காயும், அடுத்த வருஷம் பூ வராது. எல்லைக்கோடு எட்டடியில் போகிறது என்பதால் அந்த இடத்தில் மட்டும் தொடர் வானம் வேண்டாம். இரண்டு பக்கமும் தள்ளித் தூண் நிறுத்தி, தரைக்கு மேலே உத்திரம் போட்டுச் சுவர் எழுப்பச் சொல். கொத்தனாருக்கு அது புரியும். செலவு கூடும். வேண்டுமானால் என் பக்கமாக இரண்டடி தள்ளிக்கொள், நான் கேட்க மாட்டேன்.

பழத்தைக் கீழே விழவிட்டுப் பொறுக்காதே. விழுந்த பழத்தின் தோடு அடிபட்ட இடத்தில் மரக்கட்டை மாதிரி இறுகிவிடும், பிளக்க முடியாது. தொரட்டியில் வலைப்பை கட்டிப் பறி. பச்சைத் தோட்டில் இளஞ்சிவப்புப் புள்ளி பரவியதும் பறித்தால், ஆறு நாளில் வீட்டுக்குள்ளேயே கறுஞ்சிவப்பாகும். அதுவரை மரத்தில் விட்டால் அணிலும் வவ்வாலும் முந்திக்கொள்ளும். பறித்ததை வாளித் தண்ணீரில் போட்டுப் பார். நல்ல பழம் மிதக்கும், நீர் கோத்தது முங்கும். அன்றைக்கு நான் அதைச் செய்துவிட்டுச் சுளகில் வைத்திருக்கலாம். செய்யவில்லை. உனக்குக் கெட்ட பழம் போகட்டும் என்று நினைத்தேனா என்று இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த ஒன்பது பழத்தின் பெரிய விதைகளை அன்று மாலையே கழுவி, காயவிடாமல் நட்டேன். சில நாள் காய்ந்தால் விதை செத்துவிடும். நாலு கன்று பிடித்தது. தாய்மரத்தின் குணம் அப்படியே இருக்கும், ஏனென்றால் இதில் ஆண்மரம் கிடையாது, மகரந்தம் சேராமலே காய்க்கிறது. வேர் மடங்காமல் இருக்க, இரண்டடி உயரத்துக்கு வெட்டின ஆறு அங்குலப் பிவிசி குழாயில் மண் நிரப்பி வைத்திருக்கிறேன். இரண்டு உனக்கு. நடும்போது குழாயை நெடுக அறுத்து, மண்கட்டி உடையாமல் இறக்கு. பழத்துக்கு இன்னும் எட்டு வருஷமாவது ஆகும்.

கிணறு பொது என்று பத்திரத்தில் இருக்கிறது. ஆனால் வால்வு என் பக்கம். கீழ்ப்பக்கம் போகிற ஒரு இன்ச் குழாய், சுவர் வருகிற கோட்டைத் தாண்டித்தான் போகிறது. வடகிழக்கு மூலையிலிருந்து பதினோராவது அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அதற்கு ஒரு ஓட்டை விடச் சொல். பூசி அடைத்துவிடப் போகிறார்கள், முன்னாலேயே சொல்லி வை. மொட்டு தெரிந்ததும் போன் பண்ணு, திறந்துவிடுகிறேன்.

தம்பி