டாவோஸ் காற்றும் நீலக் குப்பியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

காசநோயாளிகளை மலைக்கு அனுப்பிய காலம் பற்றிய கட்டுரை படித்தேன். குளிர்காற்றுதான் மருந்து என்று முடித்திருப்பது பாதி உண்மை.

முதலில் மலையே கிடையாது, இதமான தென் ஐரோப்பாதான். 1820-ல் காசம் கண்ட ஆங்கிலக் கவிஞர் கீட்ஸை இத்தாலிக்கு அனுப்பினார்கள். கப்பலில் ஒரு மாதத்துக்கு மேல். நேப்பிள்ஸ் துறைமுகத்தில் பத்து நாள் தனிமைப்படுத்தல் வேறு. ரோமில் சிகிச்சை என்று ரத்தம் எடுத்து, சாப்பாட்டையும் குறைத்தார்கள். 1821 பிப்ரவரியில் இறந்தார். பயணமே பாதி உயிரை வாங்கிவிடும்.

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் சுமார் 1,560 மீட்டர் உயரம். உள்ளூர்க்காரர்களிடம் காசம் அரிது என்று மருத்துவர் ஸ்பெங்லர் கவனித்தார். 1865-ல் குளிர்கால நோயாளிகள் வரத் தொடங்கினர். ஆனால் ஹோட்டலில் தங்கி இஷ்டப்படி திரிந்தார்கள். 1889-ல் மருத்துவர் டுர்பன் அங்கே தொடங்கிய சானடோரியத்தில்தான் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இடம்) கண்டிப்பு வந்தது. தெற்கு பார்த்த பால்கனி, சாய்வுப் படுக்கை, கம்பளி. பனி கொட்டினாலும் தினம் பல மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். பாலும் வெண்ணெயும் தாராளம்.

கட்டுரை விட்டுவிட்ட பொருள் ஒன்று: சளி துப்பும் குப்பி. ஜெர்மன் மருத்துவர் டெட்வைலர் 1889-ல் அறிமுகம் செய்தது. சட்டைப்பையில் அடங்கும் நீலக் கண்ணாடி, மேலே விசை மூடி; அடிப்பக்கத்தையும் திருகிக் கழற்றிக் கழுவலாம். கைக்குட்டையில் துப்பினால் காய்ந்த சளி பரவும் என்ற அச்சம். பக்கத்துப் படுக்கைக்காரரைக் காப்பாற்றியதில் மலையைவிட இந்தக் குப்பிக்கே பங்கு அதிகம் என்பேன்.

1940-களில் காசத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்ததும் படுக்கைகள் காலியாயின. டாவோஸில் 1900-ல் திறந்த ஷாட்ஸால்ப் சானடோரியம் இன்று ஹோட்டல்.

– வாசகர், திருநெல்வேலி