எழுத்து போன புத்தகத்தை வாசித்துக் காட்டிய ஆயாவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள சேர்வராயன் மலை மக்களுக்கும் சேலம் நண்பர்களுக்கும்,

வணக்கம். பெருமழையில் நனைந்து மூடிக் கிடந்த எங்கள் பள்ளி நூலகத்தை நேற்று மறுபடி திறந்துவிட்டோம். சுவரில் ஈரவாடை இன்னும் போகவில்லை. புதுச் சுண்ணாம்பு வாசனையும் அதோடு சேர்ந்து வருகிறது. அலமாரியில் பாதிதான் நிறைந்திருக்கிறது. ஆனாலும் மணி அடித்ததும் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்ததைப் பார்த்தபோது, இந்த மடலை இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

அந்த மழையைப் பற்றி எழுதப் போவதில்லை. மேலே மாட்டிக்கொண்டவர்களுக்கும், மலைப் பாதை அடைபட்டு அடிவாரத்தில் காத்திருந்தவர்களுக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை. நன்றி மட்டும்தான் பாக்கி. அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஏரிப் பக்கம் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு. பாடநூல் நனைந்தால் மின்விசிறிக்குக் கீழே விரித்துக் காயவைத்துவிடலாம். தாள் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். படப் புத்தகம் அப்படியில்லை. வண்ணப் படம் அச்சிடும் வழவழப்பான ஆர்ட் பேப்பரின் மேல் களிமண் பூச்சு உண்டு. நனைந்தால் அது இளகும். மூடியபடியே காய்ந்துவிட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புத்தகம் செங்கல் போல ஆகிவிடும். ஈரமாக இருக்கும்போதே தாள் தாளாகப் பிரித்தாக வேண்டும். இரண்டு நாள் போனால் பூஞ்சையும் வந்துவிடும். எங்களிடம் அத்தனை கைகள் இல்லை. உறைய வைத்துவிட்டால் காய்வதும் நிற்கும், பூஞ்சையும் நிற்கும், அப்புறம் சிறிது சிறிதாக எடுத்துப் பிரிக்கலாம் என்று தெரிந்திருந்தது. ஆனால் உறைய வைக்கும் பெட்டிக்கு எங்கே போவது? கரண்ட் வந்த அன்றே, "டூரிஸ்ட் யாரும் இல்லை, என் பெட்டி சும்மாதான் கிடக்கு, கொண்டு வாங்க" என்றார் அவர். கரண்ட் பில் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று அலமாரியில் நிற்கும் படப் புத்தகங்களில் பெரும்பகுதி அவர் கடைப் பெட்டியிலிருந்து திரும்பி வந்தவைதான்.

பக்கங்களுக்கு நடுவே வைக்க, அச்சடிக்காத வெற்றுத் தாளைக் கட்டுக் கட்டாகக் கொடுத்த சேலம் அச்சகத்தாருக்கும், பழைய செய்தித்தாளை வைத்தால் மை ஒட்டிவிடும் என்று முன்கூட்டியே எச்சரித்த அங்குள்ள பெரியவருக்கும், அதைக் குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு வேனில் ஏற்றி வந்த தம்பிக்கும், விடுமுறையை விட்டுவிட்டு வந்து தாள் மாற்றிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும், கூரை ஓடுகளைப் பிரித்து மாற்றிக் கொடுத்த கொத்தனாருக்கும், பார்சல் பார்சலாகப் புதிய புத்தகம் அனுப்பிய முன்னாள் மாணவர்களுக்கும், அந்தப் பார்சல்களை ஒரு மடிப்பும் விழாமல் கொண்டுவந்து இறக்கிய பஸ் கண்டக்டர்களுக்கும் மனமார்ந்த நன்றி. ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதினால் இந்த மடல் முடியாது.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் ஆயா, அதாவது பாட்டி. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகிறவர். பேரனைக் கூட்டிப்போக வந்தவர், தூறல் நிற்கட்டும் என்று எங்கள் வராந்தாவில் உட்கார்ந்தார். நாங்கள் பக்கம் பிரித்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் டீச்சர், நகத்தை வைக்கறீங்க? இப்படிக் கொடுங்க" என்று ஒன்றை வாங்கினார். செடியில் காயை விட்டுவிட்டுச் சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பறிக்கிற விரல்கள் அவருடையவை. விரல் நுனியின் சதையால் ஓரத்திலிருந்து தடவித் தடவி, தாள் தானாக விடுகிற வரை பொறுத்திருந்து பிரித்தார். எங்களுக்குக் கிழிந்த இடத்தில் அவருக்குக் கிழியவில்லை.

அவர் கையில் எடுத்த இன்னொரு புத்தகம் ஏற்கனவே கெட்டுப்போயிருந்தது. எழுத்து இருந்த கீழ்ப்பாதியெல்லாம் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து போய்விட்டது. மேலே படங்கள் மட்டும் மிச்சம். நூலகக் கணக்கிலிருந்து நீக்கும் தள்ளுபடிப் பட்டியலில் சேர்க்க எடுத்து வைத்திருந்தோம். ஆயா அதை விரித்துப் பார்த்தார். மூன்று பேர் நடந்து போகிறார்கள், கூட நாய், தூரத்தில் மலை. புத்தகத்தின்படி அவர்கள் சந்தைக்குப் போகும் நண்பர்கள். ஆயா பேரனைக் கூப்பிட்டு, "கண்ணு, இங்க பாரு, நம்ம அண்ணந்தம்பிங்க மூணு பேரும் வர்றாங்க" என்றார்.

இந்த மலைக்காரர்களுக்கு அந்தக் கதை தெரியும். காஞ்சியிலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரர்களில் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள், இந்த மலைகளின் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்லர்) அவர்கள் வழி வந்தவர்கள் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது. நூறு வருஷத்துக்கு முன்பே ஆங்கிலேய அதிகாரிகள்கூடக் கேட்டு எழுதி வைத்துவிட்டார்கள். எங்கள் நூலகத்தில் மட்டும் அந்தக் கதை இல்லை. ஆயா பக்கம் புரட்டப் புரட்ட அது வந்தது. ஆறு வருகிற பக்கத்தில் வெள்ளம் வந்தது. நாய் மட்டும் திரும்பி நிற்கிற பக்கத்தில், துணையில்லாமல் காஞ்சிக்கு வந்த நாயைப் பார்த்து, மூவரும் இறந்துவிட்டார்கள் என்று வீட்டுப் பெண்கள் அழுத அழுகை வந்தது. தாள் மாற்றிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "உசுரோட இருக்கோம்னு அவங்க போய்ச் சொல்லலையா ஆயா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆயா உடனே பதில் சொல்லவில்லை. பக்கத்தைத் திருப்பி, படத்தில் மூலையில் இருந்த ஒரு காக்கையைக் காட்டி, "இதைத்தான் அனுப்பலாம்னு இருந்தாங்க சாமி" என்றார். அந்தப் புத்தகத்தை எத்தனையோ தடவை வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறோம். மூலையில் காக்கை இருப்பதை எங்களுக்குக் காட்டியவர் பள்ளிக்கூடமே போகாத அவர்தான்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் மதியம் வந்தார். காப்பிப் பழம் பறிக்கிற காலம் அது. கூலி கிலோ கணக்கில். மதியம் செடியை விட்டு வந்தால் அத்தனை கிலோ குறையும். அலமாரி காலியாகக் கிடந்த அந்த வாரங்களில் எங்கள் நூலகத்தில் கதை நேரம் நிற்கவே இல்லை என்றால் அது அவர் கொடுத்தது. சேர்வராயனும் காவிரியம்மனும் குடியிருக்கும் குகைக் கோயிலைப் பற்றிச் சொன்னார். அந்தக் குகை உள்ளுக்குள்ளேயே காவிரி வரை போகிறது என்று மலையில் சொல்வார்கள், அதையும் சொன்னார். மே மாதத் திருவிழாவுக்குத் தவறாமல் போகிற பிள்ளைகளே வாயைத் திறந்தபடி கேட்டார்கள்.

அங்கிருந்து ஒரு பழக்கம் எங்களுக்கு வந்திருக்கிறது. ஆயாவின் கதை முடிந்ததும், அதோடு ஏதாவது ஒரு விதத்தில் சேருகிற படப் புத்தகம் ஒன்றை எடுக்கிறோம். குகைக் கதைக்கு அப்புறம் ஆற்றைப் பற்றிய புத்தகம். முதலில் எழுத்தைப் படிப்பதில்லை. அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை படத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போய், என்ன நடக்கிறது, அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் வாசிப்பு. அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று 4 நிலைகளில் வருகின்றன. 'நுழை'யில் தயங்கி நிற்கிற பிள்ளைகள்தான் படத்தில் முந்திக்கொண்டு பேசுகிறார்கள். ஆயாவின் பேரன் வகுப்பில் வாயே திறக்காதவன். மலைப் பேச்சில் பேசினால் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற கூச்சம். மூன்று சகோதரர் கதையை அவன்தான் இப்போது முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்கிறான், அவன் வீட்டுப் பேச்சிலேயே. யாரும் சிரிக்கவில்லை.

கதையைப் பிள்ளைகள் வரைந்தும் வைத்திருக்கிறார்கள். ஒருவன் காஞ்சிபுரத்துக்குச் சேலம் பஸ் ஸ்டாண்டை வரைந்திருக்கிறான். அவன் பார்த்த பெரிய ஊர் அதுதான். நாய் மட்டும் எல்லாருடைய படத்திலும் அவரவர் வீட்டு நாய். அந்தத் தாள்களைத் தைத்து அட்டை போட்டு, நூலக இருப்புப் பதிவேட்டில் வரிசை எண் கொடுத்துச் சேர்த்துவிட்டோம். ஆசிரியர் பெயர் எழுதும் இடத்தில் 'சொன்னவர்: ஆயா, எழுதி வரைந்தவர்கள்: 3ஆம் வகுப்பு' என்று இருக்கிறது. விலைக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

போக்குவரத்துக்காவது ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியர் சொன்னபோது ஆயா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த எழுத்து போன புஸ்தகத்தை எப்படியும் தூரத்தானே போடுவீங்க, அதை எனக்குக் கொடுங்க" என்றார். தள்ளுபடி முறைப்படி முடிந்ததும் அவர் வீட்டுக்கே போய்க் கொடுத்தேன். நமது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு 5 விதிகள் வகுத்தார். அதில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. பயிற்சிக் காலத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தது. ஆயா அந்தப் புத்தகத்தை வாங்கி முந்தானையால் துடைத்துச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் அது எனக்கு முழுதாக விளங்கியது.

இந்த நூலகம் என் பொறுப்பில் இருக்கும் வரை, வருஷத்துக்கு ஒரு புத்தகமாவது இந்த மலையில் இருப்பவர்கள் வாயால் சொன்ன கதையாக அலமாரி ஏறும். இதை உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லி வைக்கிறேன். வாங்கிய புத்தகம் போனால் மறுபடி வாங்கலாம். வாங்க உதவ நீங்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. ஆயா வயதுக்காரர்கள் சொல்லாமல் போகிற கதையை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

கதை நேரம் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில்தான் தொடரும். கதை தெரிந்தவர்கள் தோட்டத்திலிருந்தோ ஊரிலிருந்தோ யார் வேண்டுமானாலும் வரலாம், தலைமையாசிரியரிடம் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். பிள்ளைகளுக்குப் பஸ் நாலரைக்கு, அதற்குள் முடிகிற கதையாக இருந்தால் நல்லது.

நன்றியுடன்,
நூலகப் பொறுப்பாசிரியர்,
சேர்வராயன் மலை