தனியாக உதவினால் போதாதா என்று கேட்ட மகளுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம். அப்பாவின் சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறது, கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய் வருகிறார். போன ஞாயிறு நீ போனில் கேட்டதற்கு என்னால் ஆறுதலாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிள்ளை அழத் தொடங்கிவிட்டது, நீயும் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

"பென்சன் எடுத்த பிறகு லயன்ஸ் கழகம் எதுக்கம்மா? உதவி செய்ய வேணும் என்றால் நீங்கள் இவ்வளவு காலமும் செய்த மாதிரித் தனியாகவே செய்யலாமே" என்றாய். நான் வெயிலில் அலைந்து வருத்தம் தேடிக்கொள்வேனோ என்ற பயமும் உனக்கு இருக்கிறது. அந்தப் பயம் வேண்டாம், தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் இல்லாமல் அப்பா என்னை வாசல் தாண்ட விடுவதில்லை. ஆனால் தனியாகச் செய்தால் போதாதா என்று கேட்டாயே, அது நல்ல கேள்வி. அதற்கு ஒரு ஆச்சியின் கதையைச் சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

படுவான்கரைப் பக்கம், கொக்கட்டிச்சோலைக்கு உள்ளே ஒரு பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம் வைத்தோம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அங்கே போக வாவியில் படகுப் பாதைக்காகக் காத்து நிற்க வேணும், உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது நேரே வாகனத்தில் போய் இறங்கலாம். முகாமுக்கு முதலில் குறித்த திகதி பெரும்போக வெட்டு நடக்கும் நேரம். அந்த நாட்களில் வயலை விட்டு ஒருவரும் வரமாட்டார்கள் என்று கூட்டத்தில் சொன்னேன், தள்ளி வைத்தார்கள். கண்ணகி அம்மன் திருக்குளிர்த்தி நடக்கும் கிழமையையும் விட்டுவிட்டோம்.

வராந்தாவில் ஆறு மீற்றர் அளந்து சோக்கால் கோடு கீறுவது என் வேலை. எழுத்துத் தெரியாதவர்களுக்கு வேறு அட்டை இருக்கிறது. ஆங்கில ஈ எழுத்து மேலே, கீழே, இடம், வலம் என்று திரும்பித் திரும்பி நிற்கும், அதன் வாய் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். கிட்டப் பார்வைக்கு நாங்கள் ஒரு சுளகில் அரிசி வைத்திருந்தோம். கல் பொறுக்கச் சொன்னதும் பெண்களுக்குக் கூச்சம் போய்விடும். நிறையப் பேருக்கு வெறும் வெள்ளெழுத்துத்தான். எங்கள் கழகத்தில் காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு தம்பி இருக்கிறார், கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். ஆயத்தக் கண்ணாடிகளை லாபம் எடுக்காமல் வாங்கிய விலைக்கே கழகத்துக்குத் தந்தார். கண்ணாடியைப் போட்டதும் ஒரு மனுசி சுளகிலிருந்து கல்லை எடுத்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டிச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான் சொல்ல வந்த ஆச்சியோ கல்லைத் தடவித்தான் பார்த்தார். டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்தார், இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது, கண்புரை என்பார்களே, அதுதான். "வயசு போனால் அப்படித்தானே பிள்ளை" என்றார் ஆச்சி, ஏதோ தலை நரைத்ததைச் சொல்வது போல. எனக்கு மனம் கேட்கவில்லை. சுகப்படுத்தக்கூடிய ஒன்றை விதி என்று ஏற்றுக்கொண்டு ஒரு மனுசி இருட்டுக்குள் இருக்கக் கூடாது, மகள்.

சத்திர சிகிச்சைக்குக் காசு தேவையில்லை. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை இருக்கிறது, கண் வைத்தியர்கள் இருக்கிறார்கள், பாலமும் இருக்கிறது. ஆனால் ஆச்சி வரமாட்டேன் என்றார். அவருடைய மகள் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறா. ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்தியும் இரண்டு ஆடும் ஆச்சியின் பொறுப்பு. விடியற்காலையில் ஆச்சியை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது? பிள்ளைக்கு யார் சமைப்பது? சீனியும் பிரஷரும் பார்த்து, திகதி எடுத்து, அந்தத் திகதி மாறினால் திரும்பவும் போய்ச் சொல்வது யார்? அறுவைக்குப் பிறகு ஒரு மாதமளவும் கண்ணுக்குத் துளி மருந்து விட வேணும், தண்ணீர் படக் கூடாது, அடுப்புப் புகைக்குள் நிற்கக் கூடாது. இதையெல்லாம் நான் ஒருத்தி எப்படிச் செய்வேன், சொல்லு. முதல் நாள் செய்வேன், இரண்டாம் நாளும் செய்வேன். மூன்றாம் நாள் அப்பாவுக்குச் சுகமில்லை என்றால் ஆச்சி தனியாக நிற்பார்.

கழகத்தில் முறை போட்டோம். ஒருவர் ஓட்டோ பிடித்துக் கூட்டிப் போனார், ஒருவர் ஆஸ்பத்திரியில் கூட இருந்தார், நானும் இன்னொரு ஓய்வுபெற்ற ரீச்சரும் பேத்தியோடு நின்றோம். அந்தப் பிள்ளைக்கே மருந்து விடப் பழக்கினேன். சவர்க்காரம் போட்டுக் கை கழுவு, ஆச்சியை அண்ணாந்து பார்க்கச் சொல்லு, கீழ் இமையை மெதுவாக இழு, ஒரு துளி விடு, போத்தல் மூக்கு கண்ணில் முட்டக் கூடாது. கொப்பியில் கட்டம் கீறிக் கொடுத்தேன். ஒவ்வொரு தரமும் விட்டுவிட்டுச் சரி போட்டு வைத்திருந்தது, ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. இப்போது ஆச்சி அந்தப் பிள்ளைக்குப் பேன் பார்க்கிறார். "இவ்வளவு பேனோடையா பள்ளிக்கூடம் போய் வந்தாய்" என்று நல்ல ஏச்சும் விழுகிறது. மற்றக் கண்ணுக்கும் திகதி எடுக்க வேணும்.

கழகங்கள் போட்டோ எடுக்கத்தான் உதவி செய்கின்றன என்றும் நீ சொன்னாய், அதற்கு வருகிறேன். ஓம், பனர் கட்டிப் படம் எடுப்பதோடு முடித்துவிடுகிற கழகங்களும் இருக்கின்றன. அதனால்தான் நான் சேரமுதல் கணக்கைக் காட்டச் சொன்னேன். லயன்ஸில் ஒரு விதி இருக்கிறது: உறுப்பினரின் சந்தா ஒரு கணக்கு, கூட்டச் செலவும் நிர்வாகச் செலவும் அதிலிருந்துதான். பொதுமக்களிடம் சேர்க்கிற காசு வேறு கணக்கு, அது முழுவதும் சேவைக்கே போக வேணும். இரண்டையும் பொருளாளர் கூட்டத்தில் வாசிக்கிறார். சேர்ந்த பிறகு நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான், உலர் உணவுப் பொதி வாங்குகிறவரின் முகத்தைப் படம் எடுக்கக் கூடாது என்று. பொதியை வாங்கும் நேரத்தில் கமெராவுக்கும் முகம் காட்ட வேண்டியிருந்தால் அந்த வீட்டுப் பிள்ளை நாளைக்கு வகுப்பில் எப்படி இருக்கும்? கணக்குக்கு ஒப்பமிட்ட பட்டியல் போதும். கொஞ்சம் வாதம் நடந்தது, பிறகு ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் முஸ்லிம் உறுப்பினர்கள் நோன்பு பிடிக்கும் மாதத்தில் கூட்டத்தைப் பகலில் வைத்து, எல்லாருமே தேத்தண்ணி இல்லாமல் முடிக்கிறோம். அதை யாரும் தீர்மானம் போட்டுச் செய்யவில்லை.

கண் வேலையில் லயன்ஸ் இறங்கியதற்கு ஒரு கதை இருக்கிறது. மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்புறுதி வியாபாரி 1917இல் சிகாகோவில் தொடங்கிய இயக்கம் இது. 1925இல் அவர்களுடைய மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்தா. கண்ணும் காதும் இல்லாத அந்த மனுசி மேடையில் நின்று, பார்வையற்றவர்களுக்காக நீங்கள் போராட வேணும் என்று கேட்டா. அன்றிலிருந்து அதைத் தங்கள் முதல் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் கேட்டதால் வந்த வேலை, ஆனால் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க அவர்களுக்கு 1987வரை எடுத்தது. அப்போது நான் படிப்பிக்கத் தொடங்கிவிட்டேன். இப்போது எங்கள் கழகத்தில் அலைகிற வேலையில் பாதிக்கு மேல் பெண்களின் தலையில்தான், அதில் எனக்குச் சந்தோசம்.

78 சூறாவளியை நான் பார்த்தேன், சுனாமியை நீயும் பார்த்தாய். சுனாமிக்குப் பிறகு லொறி லொறியாக வந்த உடுப்புகள் றோட்டோரம் மழையில் நனைந்து கிடந்ததை மறந்திருக்க மாட்டாய். கொடுக்க நினைத்தவர்கள் நிறையப் பேர், எந்த முகாமில் யாருக்கு என்ன தேவை என்று எழுதிக்கொண்டு நடந்தவர்கள் கொஞ்சப் பேர். அந்தக் கொஞ்சப் பேரில் ஒருத்தியாக இருக்க எனக்கு விருப்பம். மாரி வருமுன் ஆட்களையும் பட்டியலையும் ஆயத்தமாக வைத்திருந்தால், வெள்ளம் வரும்போது ஓடித்திரியத் தேவையில்லை.

நீ காசு அனுப்புகிறேன் என்றாய். அனுப்பு, ஆனால் என் கணக்குக்கு வேண்டாம், கழகத்தின் சேவைக் கணக்குக்குப் போடு, பற்றுச்சீட்டு வரும். பழைய கண்ணாடிகளைப் பெட்டி கட்டி அனுப்பாதே, அந்தத் தபால் செலவுக்கு இங்கே புதுசாகவே வாங்கலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்காதே. நாலு வருசமாக ஒரே தொடர்மாடியில் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது என்று நீ சொன்னது எனக்கு மனதில் கிடந்து உறுத்துகிறது. அங்கே கனடாவில், ஸ்காபரோவிலும் இப்படி ஏதாவது கழகம் இருக்கும், லயன்ஸாக இருக்கலாம், றோட்டறியாக இருக்கலாம், உணவு வங்கியாகவும் இருக்கலாம். உடனே காசு கட்டிச் சேராதே. இரண்டு கூட்டத்துக்குப் போய்ப் பின்னுக்கு இரு, கணக்கு வாசிக்கிறார்களா என்று பார், ஒரு சனிக்கிழமை அவர்களோடு சேர்ந்து வேலை செய்து பார். பிள்ளை சின்னது, வேலையும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மாதத்தில் ஒரு காலைநேரம் போதும், மருமகன் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்.

அடுத்த முகாம் வெல்லாவெளிப் பக்கம், சனிக்கிழமை. அன்றைக்குப் போன் எடுக்காதே, நான் வீட்டில் இருக்கமாட்டேன். ஞாயிறு பின்னேரம் எடு. மருமகனுக்கு எங்கள் அன்பைச் சொல்லு, பிள்ளைக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா