வந்தது போனபின் என்ன தங்கும்?

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய திட்ட வரைவை முழுக்கப் படித்துவிட்டேன். பின்தங்கிய வட்டாரம் ஒன்றுக்கு ஐந்தாண்டுத் திட்டம் எழுதும் பொறுப்பு இந்த வயதில் கைக்கு வருவது பெரிய விஷயம். உன் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. அதனால்தான் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி முடித்துக்கொள்ளாமல் மனதில் பட்டதையெல்லாம் எழுதுகிறேன். இதே வேலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று பொதுவில் வைக்கச் சம்மதித்தாயே, அதற்கு நன்றி.

வரைவின் அமைப்பே எனக்கு உறுத்துகிறது. தொழிற்பேட்டை, நெடுஞ்சாலை, துணை மின்நிலையம், முதலீட்டாளர்களுக்கு வரிவிலக்கு என்று முக்கால்வாசிப் பக்கங்கள் போகின்றன. கடைசியில் "சமூக மேம்பாடு" என்று ஓர் அத்தியாயம். அதற்குள் பள்ளி, சுகாதாரம், ஊட்டச்சத்து, பெண்கள், தொழிலாளர் நலன் எல்லாம் அடைபட்டுக் கிடக்கின்றன. முதலில் சம்பாதிப்போம், மிச்சமிருந்தால் மக்களுக்குச் செலவழிப்போம் என்கிற வரிசை இது. நீயாக வகுத்த வரிசை அல்ல என்று எனக்குத் தெரியும். எல்லாத் திட்ட அலுவலகங்களிலும் அச்சு இப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த அச்சை உடைக்காமல் உன் வட்டாரம் எழுந்து நிற்காது.

ஒவ்வொரு திட்டத்தையும் ஒரே ஒரு கேள்வியால் உரசிப் பார்க்கச் சொல்வேன்: இது நாளைக்கே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டால், இந்த மண்ணிலும் இங்குள்ள மனிதர்களிடமும் என்ன தங்கும்?

இத்தாலியின் தெற்குப் பகுதியை எடுத்துக்கொள். போருக்குப் பிறகு வடக்குக்கும் தெற்குக்கும் இருந்த இடைவெளியைக் குறைக்க 1950இல் ஒரு தனி நிதியத்தையே அரசு உருவாக்கியது. 1984 வரை அது இயங்கியது. தொடக்க ஆண்டுகளில் குடிநீர், சாலை, பாசனம், நிலச் சீரமைப்பு என்று செலவு செய்தார்கள். 1957க்குப் பிறகு திசை மாறியது. அரசு நிறுவனங்கள் தங்கள் முதலீட்டில் குறிப்பிட்ட பங்கைத் தெற்கில் போட்டே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. டாரன்டோவில் மாபெரும் எஃகு ஆலை, ஜெலாவில் பெட்ரோ கெமிக்கல் ஆலை என்று கனரகத் தொழில்கள் எழுந்தன. டாரன்டோ ஆலை உச்சத்தில் இருந்தபோது 20,000 பேருக்கு மேல் வேலை கொடுத்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்; அத்தனை குடும்பங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டன. ஆனால் ஆலைக்கு வேண்டிய இயந்திரமும் வெளியிலிருந்து வந்தது, நிர்வாகமும் வெளியிலிருந்து வந்தது. விளைந்த எஃகை வாங்கி வேறு பொருளாக மாற்றும் சின்னத் தொழில்கள் சுற்றுவட்டாரத்தில் போதுமான அளவில் முளைக்கவில்லை. இத்தாலியர்களே இவற்றைப் பாலைவனத்தில் கட்டிய பேராலயங்கள் என்று அழைத்தார்கள். 1970களின் தொடக்கம் வரை வடக்கு–தெற்கு இடைவெளி உண்மையிலேயே சுருங்கியது. எண்ணெய் நெருக்கடி வந்து எஃகும் ரசாயனமும் அடிவாங்கியதும் அந்த ஓட்டம் நின்றுபோனது. 2012இல், காற்றையும் மக்களின் உடலையும் கெடுத்ததற்காக டாரன்டோ ஆலையின் முக்கியப் பிரிவுகளை முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. வேலையா உயிரா என்று ஒரு நகரமே தனக்குள் பிளவுபட்டது. உன் வரைவில் முதலிடத்தில் இருக்கும் "நங்கூரத் தொழிற்சாலை"யை, அதாவது ஒரே பெரிய ஆலையைச் சுற்றி வட்டாரமே வளரும் என்ற திட்டத்தை, படிக்கும்போது எனக்கு டாரன்டோதான் நினைவுக்கு வருகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வங்கதேசம். 1970களின் இறுதியில் தென்கொரியாவின் டேவூ நிறுவனம், வங்கதேசத்தின் தேஷ் என்ற புதிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. பணக்கார நாடுகள் ஆயத்த ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாக ஒதுக்கீடு வைத்திருந்த காலம் அது. கொரியாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இறுகியது. வங்கதேசத்துக்கு அப்போது கட்டுப்பாடே இல்லை. டேவூ தன் கணக்குக்காகத்தான் வந்தது, தர்மத்துக்கு வரவில்லை. ஆனால் தேஷ் தன் ஆட்கள் 130 பேரைக் கொரியாவுக்கு அனுப்பி ஆறு மாதம் பயிற்சி எடுக்க வைத்தது. வெட்டுவதும் தைப்பதும் மட்டுமா கற்றார்கள்? உற்பத்தி வரிசையை ஒழுங்கு செய்வது, தரம் பார்ப்பது, வெளிநாட்டு வாங்குபவரிடம் பேசுவது என்று எல்லாம் கற்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த 130 பேரில் 115 பேர் தேஷை விட்டு வெளியேறினார்கள். சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்கினார்கள், அல்லது மற்றவர்கள் தொடங்கியவற்றுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தேஷுக்கு அது நஷ்டம். நாட்டுக்கு அதுதான் விதை. இன்று வங்கதேச ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடைகள்.

இதில் அரசின் பங்கு என்ன என்று நீ கேட்பாய். கட்டடம் கட்டிக் கொடுத்ததல்ல. இரண்டு நடைமுறைகளை அனுமதித்தது. ஒன்று பாண்டட் கிடங்கு: ஏற்றுமதிக்கான துணியைச் சுங்கவரி கட்டாமல் கிடங்கில் இறக்கிக்கொள்ளலாம். இன்னொன்று பேக்-டு-பேக் எல்சி (எல்சி என்றால் பணம் கட்டுவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்): வெளிநாட்டு வாங்குபவர் திறக்கும் எல்சியைக் காட்டியே துணிக்கான எல்சியையும் வங்கியில் திறந்துகொள்ளலாம். கையில் பெரிய முதல் இல்லாதவர், அதுவரை சம்பளத்துக்கு வேலை பார்த்தவர், ஆர்டர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தொழில் தொடங்க முடிந்தது இதனால்தான். உன் வரைவில் வரிவிலக்குக்கு ஒதுக்கிய பக்கங்களில் பாதியை இந்த மாதிரி விஷயங்களுக்குக் கொடு. உன் வட்டாரத்தில் ஒரு சிறு தொழில்காரருக்கு ஆர்டர் கிடைத்தால் மூலப்பொருள் வாங்க முன்பணம் எங்கே கிடைக்கும்? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்.

ஆனால் அந்தக் கதையை அங்கேயே நிறுத்திவிட்டால் அது பொய்க்கதை. 2013 ஏப்ரல் 23 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களில் இருந்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே வரச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். வங்கி ஊழியருக்கும் தையல் தொழிலாளிக்கும் ஒரே கட்டடம், ஒரே விரிசல். "வர மாட்டேன்" என்று சொல்லும் வலு ஒருவருக்கு இருந்தது, இன்னொருவருக்கு இல்லை. சங்கம் வைக்கும் உரிமை, கட்டட ஆய்வு, சம்பளப் பாதுகாப்பு ஆகியவற்றைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளாதே என்று நான் மன்றாடுவது இதனால்தான். அவை தொழில் அத்தியாயத்துக்குள்ளேயே இருக்கவேண்டும்.

இப்போது பிரேசிலின் வடகிழக்கு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உன் வட்டாரத்துக்கு மிகவும் பொருந்துவது இதுதான்.

வறட்சி அங்கே புதிதல்ல. வறட்சி வரும்போதெல்லாம் மத்திய அரசின் பணமும் வரும். அந்தப் பணத்தில் பெரிய பெரிய நீர்த்தேக்கங்கள் கட்டினார்கள். அவற்றில் பல பெரும் பண்ணையார்களின் நிலத்தில் இருந்தன. சின்ன விவசாயிக்குப் பாசனம் வந்து சேரவில்லை. வறட்சியே ஒரு தொழிலாகிவிட்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். இதை மாற்ற 1959இல் பொருளாதார அறிஞர் செல்சோ ஃபுர்டாடோ தலைமையில் சுடேனே என்ற வட்டார வளர்ச்சி அமைப்பு உருவானது. 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஃபுர்டாடோ நாடு கடந்து வாழ வேண்டியதாயிற்று. அமைப்பு பெயரளவில் நீடித்தது, வரிச்சலுகை பங்கிடும் இடமாகச் சுருங்கியது, ஊழல் புகார்களுக்கு நடுவே 2001இல் மூடப்பட்டு, 2007இல் மீண்டும் தொடங்கப்பட்டது.

அதே வடகிழக்கில் சியாரா மாநிலம் 1987இல் வேறு ஒன்று செய்தது. வறட்சி நிவாரண வேலையாக ஆரம்பித்த திட்டம்தான். பள்ளம் வெட்டச் சொல்லிக் கூலி கொடுப்பதற்குப் பதிலாக, ஊர்க்காரர்களையே, பெரும்பாலும் பெண்களை, சமூகச் சுகாதாரப் பணியாளர்களாக எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய்க் குழந்தையை எடை பார்ப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொல்லித்தருவது, தடுப்பூசிக்கு அழைத்துவருவது அவர்கள் வேலை. நாளடைவில் 7,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 102 என்ற நிலையிலிருந்து 1992க்குள் 65 ஆகக் குறைந்தது.

இது எப்படிச் சாத்தியமானது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். ஆள் எடுக்கும் அதிகாரத்தை உள்ளூர் மேயர்களிடம் மாநில அரசு கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் கட்சிக்காரர்களுக்குத்தான் வேலை போயிருக்கும். மாநிலக் குழு ஊர் ஊராகப் போய் நேர்முகத் தேர்வு நடத்தியது. தேர்வாகாதவர்களைச் சும்மா அனுப்பவும் இல்லை. "தேர்வானவர் வீடுகளுக்கு ஒழுங்காக வருகிறாரா என்று கவனியுங்கள், வராவிட்டால் எங்களுக்குச் சொல்லுங்கள்" என்று அவர்களையே கண்காணிப்பாளர்களாக ஆக்கிவிட்டது. வேலை கிடைக்காத வருத்தமே திட்டத்துக்குக் காவலாக நின்றது. செலவு வைக்காத இந்த ஏற்பாட்டை நான் பார்த்த எந்தத் திட்ட ஆவணமும் யோசித்ததில்லை.

அதே சியாரா அரசு பள்ளிகளுக்கு மேசை நாற்காலி வாங்கிய விதத்தையும் பார். வழக்கமான டெண்டர் என்றால் வெளியூர்ப் பெரிய நிறுவனம் எடுத்துக்கொள்ளும். அதற்கு மாறாக, ஆர்டரில் ஒரு பகுதியை சாவோ ஜோவாவோ டோ அருவாரு என்ற சின்ன ஊரின் மரவேலைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். தனித்தனியாக அல்ல, அவர்களின் சங்கத்துக்கு. ஒருவர் செய்த மேசை ஆடினால் எல்லோருக்கும் பொறுப்பு. பாதிப் பணம் முன்பணம், மீதி சரக்கு வந்த பிறகு. பயிற்சி கொடுத்த நிறுவனத்துக்கும் சரக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தால்தான் கமிஷன். ஆகவே வகுப்பு எடுத்துவிட்டுப் போய்விட முடியாது, பட்டறையில் போய் நிற்கவேண்டியிருந்தது. தொடங்கும்போது அந்த ஊரில் நான்கு பட்டறைகள், பன்னிரண்டு தொழிலாளர்கள். ஐந்தே ஆண்டுகளில் 42 பட்டறைகள், சுமார் 350 பேர். பிறகு அவர்கள் அரசை மட்டும் நம்பியிருக்கவில்லை. பெரும்பகுதிச் சரக்கு தனியாருக்கே போனது.

உன் வட்டாரத்தில் அரசு ஆண்டுதோறும் என்னென்ன வாங்குகிறது என்று ஒரு பட்டியல் எடு. சீருடை, மேசை, மருத்துவமனைப் படுக்கை, குழாய், செங்கல். அதில் எத்தனை உள்ளூரில் செய்யப்படுகிறது? கொள்முதல் அத்தியாயம் உன் வரைவில் இல்லவே இல்லை.

வரிவிலக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எப்படியும் வரவிருந்த நிறுவனம் அதை வாங்கிக்கொள்ளும். வர விருப்பமில்லாத நிறுவனம் அதற்காக வராது. 2021இல் 130க்கும் மேற்பட்ட நாடுகள் பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15% வரி என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. நீ விட்டுக்கொடுக்கும் வரியை அந்த நிறுவனத்தின் தாய்நாடு போன்ற இன்னொரு நாடு வசூலித்துக்கொள்ளும் நிலை வந்துவிட்டது. அதைத் தெரிந்தும் முதல் பத்துப் பக்கத்துக்குள் வரிவிலக்கை வைப்பது சரியல்ல.

பெரிய நிறுவனமே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. கணினிச் சில்லு செய்யும் இன்டெல் நிறுவனம் 1990களின் இறுதியில் மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவுக்கு வந்தது. 2014இல் உற்பத்தியை ஆசியாவுக்கு மாற்றுவதாக அறிவித்தபோது சுமார் 1,500 வேலைகள் போயின. ஆனால் அந்த நாடு சாய்ந்துவிடவில்லை. 1948இலேயே ராணுவத்தைக் கலைத்துவிட்டுப் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் செலவிட்டு வந்த நாடு அது. பொறியியல் பிரிவு அங்கேயே தங்கியது, மருத்துவக் கருவித் தொழில் வளர்ந்தது, சில ஆண்டுகளில் இன்டெலே உற்பத்திக்குத் திரும்பி வந்தது (2025இல் அதை மறுபடி ஆசியாவுக்கு மாற்றுவதாக அறிவித்தது). டாரன்டோவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஆலையின் அளவில் இல்லை, ஆலை வருமுன் அந்த மக்களிடம் என்ன இருந்தது என்பதில் இருக்கிறது.

உன் துறைக்கு வெளியிலும் ஒரு கண் வை. இந்தியாவில் 1950கள் முதல் 1990களின் தொடக்கம் வரை எஃகு போன்ற பொருள்களுக்குச் சரக்குக் கட்டணச் சமன்பாடு என்ற கொள்கை இருந்தது. சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும், ஆயிரம் மைல் தள்ளி இருந்தாலும் எஃகு ஒரே விலை. கனிமம் மண்ணுக்கடியில் குவிந்து கிடந்த, ஜார்க்கண்ட் பிரியாத அன்றைய பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகியவற்றுக்கு இயல்பாகக் கிடைத்திருக்க வேண்டிய சாதகம் ஒரு விலை விதியால் பறிபோனது. ஆலைகள் துறைமுகங்களையும் சந்தைகளையும் ஒட்டிப் போயின. பின்தங்கிய பகுதி என்று ஒரு கையால் மானியம் கொடுத்துக்கொண்டே இன்னொரு கையால் அதைவிட அதிகம் எடுத்துக்கொள்ள முடியும். உன் வட்டாரத்தை அழுத்தும் அப்படிப்பட்ட விதி எது? மின்கட்டணமா, ரயில் கட்டணமா, கனிம உரிமைத்தொகைப் பங்கா? அதைக் கண்டுபிடித்து எழுதினால் மேலிடத்துக்குப் பிடிக்காது. எழுது.

கடைசியாக உன் மேலதிகாரி எழுப்பிய வாதம். "வட்டாரத்தை ஏன் வளர்க்கவேண்டும், படிக்கவைத்துவிட்டால் மக்களே வளமான நகரங்களுக்குப் போய்விடுவார்களே" என்கிறார். அதில் பாதி உண்மை இருக்கிறது. வளர்ச்சி எல்லா இடத்திலும் ஒரே அளவில் வராது என்று உலக வங்கியின் 2009ஆம் ஆண்டு அறிக்கையும் வாதிட்டது. போக விரும்புகிறவரைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர், கைக்குழந்தைக்காரி, நகரத்து வாடகை கட்ட முடியாதவர் இவர்களெல்லாம் போகமாட்டார்கள். அவர்களை எண்ணிக்கையிலிருந்து அடித்துவிட்டு ஒரு கொள்கை வகுக்கக் கூடாது. நல்ல பள்ளியும் நல்ல சுகாதார நிலையமும் போகிறவருக்கும் உதவும், தங்குகிறவருக்கும் உதவும். அதனால்தான் அவற்றை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறேன்.

இலக்குகளில் தனிநபர் சராசரி வருமானத்தை மட்டும் வைக்காதே. ஒரே ஒரு சுரங்கம் திறந்தால் சராசரி எகிறிவிடும், பக்கத்து ஊர்க் குழந்தை மெலிந்தபடியே இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சி, பெண்களின் கைக்கு வரும் சம்பளம், உள்ளூர் ஆட்கள் தொடங்கி மூன்றாண்டு தாண்டிய தொழில்கள், இந்த மூன்றையாவது ஊராட்சிவாரியாகக் கணக்கெடுக்க ஏற்பாடு செய்.

பராமரிப்புக்குத் தனி ஒதுக்கீடு போடு. கட்டுவதற்கு மட்டும் பணம் ஒதுக்கிய சாலையும் குழாயும் உன் திட்டக்காலம் முடிவதற்குள்ளேயே பல்லிளிக்கும். நிதித்துறைக் கூட்டத்துக்கு முன்னால் திருத்திய வரைவை அனுப்பு. கொள்முதல் பட்டியலையும் சேர்த்து அனுப்பினால் உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா