வராத ஆளுக்கு விசிட்டிங் சார்ஜ்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குறைதீர்க்கும் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். மடிப்பாக்கத்திலிருந்து எழுதுகிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்கு உங்கள் ஆப்பில் பதிவு செய்துவிட்டு அப்புறம் ரத்து செய்தவன். புக்கிங் எண், நேரம், நான் எத்தனை முறை போன் போட்டேன் என்பதெல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கும். கட்டிய முன்பணத்தில் விசிட்டிங் சார்ஜ் என்று 349 ரூபாயும், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 62 ரூபாய் 82 காசும் பிடித்துக்கொண்டீர்கள். ஆக 411 ரூபாய் 82 காசு. அதைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

விசிட்டிங் சார்ஜே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மனிதர் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு, சொந்தப் பெட்ரோல் போட்டு, இந்த வெயிலில் வாசல் வரை வந்த பிறகு 'சரியாயிடுச்சு, வேண்டாம்' என்று அனுப்பினால் அவருக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் உங்கள் ஆள் வரவே இல்லையே!

எட்டிலிருந்து ஒன்பதுக்குள் வருவார் என்றீர்கள். ஒன்பது மணிக்கு 'எங்கள் நிபுணர் புறப்பட்டுவிட்டார்' என்று மெசேஜ் வந்தது. மேப்பில் அவருடைய பைக் துரைப்பாக்கத்தில் ஒரு சந்தில் நின்றது. 9.50க்கு அவரையே கூப்பிட்டேன். பாவம், உள்ளதைச் சொன்னார்: "சார், இங்க வேலையே இன்னும் முடியல. கிளம்பிட்டேன்னு ஆப்பே போட்டுக்குது சார்."

எங்களுடையது லிப்ட் இல்லாத பழைய பிளாட், மூன்றாவது மாடி. அம்மாவுக்கு 78 வயது, இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது வாரம். அன்று வீட்டில் மிச்சமிருந்தது அரை வாளித் தண்ணீர். காலையில் காபி கொடுத்தேன், வேண்டாம் என்றார். அம்மா காபி வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. பத்து மணிக்கு மேல்தான் புரிந்தது. குடித்தால் பாத்ரூம் போக வேண்டி வரும், அதற்கு நான் கீழேயிருந்து தண்ணீர் தூக்கி வர வேண்டும். அதனால் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சம்ப்பில், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியில், வாளியைக் கயிறு கட்டி இறக்கி இறைத்து மேலே ஏற்ற ஆரம்பித்தேன். ஐந்தாவது நடையில் இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து போனைப் பார்த்தால், பைக் அதே சந்தில்.

2019இல் இந்த ஊரே வறண்டு கிடந்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் தண்ணீர் வந்து சேர்ந்தது. துரைப்பாக்கத்திலிருந்து மடிப்பாக்கத்துக்கு ஒரு பைக் வந்து சேரவில்லை.

10.35க்கு ரத்து செய்தேன். தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லி ஒரு பெரியவர் வந்தார். சம்ப்பிலிருந்து பைப்பை மேலே இழுத்து, அதன் அடிமுனையில் இருக்கும் புட் வால்வைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பால் பாக்கெட்டில் கத்தரித்துப் போட்ட மூலை ஒன்று, நீல நிறத்தில், வால்வு வாயில் செருகிக்கொண்டிருந்தது. வால்வு மூடாததால் பைப்பில் இருந்த தண்ணீரெல்லாம் இறங்கிப்போய் மோட்டார் வெறும் காற்றை இழுத்திருக்கிறது. அதை எடுத்துப் போட்டு, பைப்பை மறுபடி இறக்கி, மோட்டாரில் தண்ணீர் ஊற்றி ஓட்டினார். டேங்கில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். வேலை செய்தவருக்கு 300, வராதவருக்கு 411. சரி, அந்தப் பணமாவது அந்தத் தம்பிக்குப் போகிறதா என்றால், "எனக்கு அதுல ஒண்ணும் வராது சார்" என்கிறார்.

அன்று மாலையே புகார் கொடுத்தேன். உங்கள் ரோபோ வருத்தம் தெரிவித்தது. ஒரே வாக்கியத்தில் நான்கு முறை. அப்புறம் 100 ரூபாய் கூப்பன் அனுப்பியது, ஏழு நாள் மட்டும் செல்லும். அதற்குள் மோட்டாரில் நானே இன்னொரு பால் கவரைப் போட வேண்டுமோ என்னவோ.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. விதி 4(8) சொல்வது இதுதான்: நிறுவனம் தானாக ரத்து செய்யும்போது அதே மாதிரி கட்டணத்தைத் தானும் ஏற்றுக்கொண்டால் ஒழிய, ரத்து செய்யும் நுகர்வோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. போன நவம்பர் மழையில் என் கீஸர் வேலையைக் கடைசி நேரத்தில் ரத்து செய்தது நீங்கள். அன்று அரை நாள் லீவு போட்டுக் காத்திருந்தேன். எனக்கு எத்தனை ரூபாய் வந்தது என்று கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள். நானும் விசிட்டிங் சார்ஜ் போடலாம் என்றால், அந்த 411 ரூபாய் 82 காசு உங்களிடம் எனக்கு முன்பே பாக்கி.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. அந்த ஒரு மாதம் வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் 411 ரூபாய் 82 காசை என் வங்கிக் கணக்குக்குத் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். வராவிட்டால் சனிக்கிழமை காலை 1915க்குப் போன் செய்வேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண். 'புறப்பட்டுவிட்டார்' என்று காட்டிய மேப்பை நேரத்தோடு படமெடுத்து வைத்திருக்கிறேன்.

கூப்பன் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
மடிப்பாக்கம், மூன்றாவது மாடி வாடிக்கையாளர்